முப்பத்தெட்டு வரி

குழாய் வெடித்த அன்றே அவள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், இனிமேல் ஒன்றும் உருப்படாது என்று. ஆனால் அன்றைக்கு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு கருவித் தட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யோசிக்க எங்கே நேரம்?

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது அவள் வேலை செய்த அறை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தமும் பிசுக்குமாக இறங்கி வருகிற கருவிகளை ஒரு பக்கம் கழுவுவார்கள். மறுபக்கம் அவற்றைத் துடைத்து, கூர் பார்த்து, எண்ணித் தட்டில் அடுக்கி, இரட்டைத் துணியில் சுற்றி, கிருமி கொல்லுகிற ஆவி இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். ஜன்னல் கிடையாது. வெளிச்சமும் குழல்விளக்கு தருவதுதான். மேலதிகாரிகள் கிடையாது, அதுதான் முக்கியம். அந்த வெக்கையில் எந்தப் பெரிய மனிதரும் கால் வைக்க மாட்டார். அடுக்குகிற மேஜையில் பத்தொன்பது வருஷமாக அவள்தான்.

அங்கே எல்லோரும் அவளை முணுமுணு அக்கா என்பார்கள். அடுக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், யாரையோ சபிக்கிறாள் என்று பயந்துபோவார்கள். அவள் யாரையும் சபிக்கவில்லை. பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பிரார்த்தனை. அவளுடைய அம்மா தானே கட்டிக்கொண்டது. காலையில் பாத்திரம் துலக்கும்போது, கையில் நுரையோடு, பக்கத்து வீட்டுக்காரியிடம் நியாயம் கேட்கிற குரலில் அம்மா அதைக் கடவுளிடம் சொல்லுவாள். எங்கும் எழுதி வைத்ததில்லை. சாகக் கிடந்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் சொல்றத நீ தினமும் ஒரு தடவ சொல்லிடும்மா. அது நின்னுடக் கூடாது."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, வீட்டில் அதற்கு இடமே இல்லை என்று. படுக்கையில் மாமியார், கைக்குழந்தை, ஷிப்டு ஷிப்டாக ஓடுகிற கணவன். மூச்சு விடவே டோக்கன் வாங்க வேண்டிய வீடு அது. வேலையிலோ வேறு பயம். சேர்ந்து இரண்டே மாதம். பெரிய வயிற்று ஆபரேஷன் தட்டில் முப்பத்தெட்டு உருப்படி. ஒன்று குறைந்தாலும் தலை உருளும். எண்ணிக்கொண்டே வருவாள், பதினேழா பதினெட்டா என்று சந்தேகம் வரும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். ஒரு நாள் எரிச்சலில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டாள். கருவிக்கு ஒரு வரி. அம்மாவின் வரிகளில் அங்கே ஒட்டி, இங்கே வெட்டி, முப்பத்தெட்டுக்குச் சரிக்கட்டினாள். முதல் கத்தரிக்கோலுக்கு முதல் வரி. கடைசி ஊசிப்பிடிக்குக் கடைசி வரி. வரி முடிந்தால் தட்டு முடிந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மெச்சிக்கொண்டதில் தப்பும் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் அடுக்கிய தட்டில் ஒரு திருகாணி குறைந்ததாக மேலேயிருந்து சத்தம் வந்ததில்லை. கணவனுக்கு எட்டு மாதம் வேலை இல்லாமல் போனபோதும், மாமியார் போனபோதும், மகன் படிக்க வெளியூருக்குப் போய்விட்டு மாதக்கணக்கில் போன் செய்யாதபோதும், அந்த மேஜையிலிருந்து நிமிரும்போது அவள் மனசு ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும். எங்கே போனாலும் அது அங்கேயே இருக்கும் என்று நம்பினாள். அம்மா கூடவே இருக்கிறாள் என்றும் நம்பினாள்.

தண்ணீர் வந்தது. அடித்தளத்தைப் பூட்டினார்கள். அறையை மூன்றாவது மாடிக்கு, நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டுக்கு மாற்றினார்கள். காலை ஷிப்டு மதிய ஷிப்டு ஆயிற்று. கூடவே புது இன்சார்ஜ் ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும். அதற்கு முன்னால் ஏதோ சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்குக் கோடு வாசித்துக்கொண்டிருந்தவனாம். வந்த அன்று சாயங்காலத்துக்குள் அவனுக்கு பார்கோடு என்று பெயர் விழுந்துவிட்டது.

பார்கோடு கெட்டவன் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து திட்டித் தீர்க்கலாம். அவன் மரியாதையாகப் பேசினான், நேரத்துக்கு வந்தான், யாரையும் ஒரு சொல் கடிந்ததில்லை, எல்லாவற்றையும் மாற்றினான்.

"அக்கா, இனிமே பேப்பர் லிஸ்ட் கிடையாது. இந்த ஸ்க்ரீன்ல பேர் வரும். நீங்க சத்தமா சொல்லணும், தட்டுல வைக்கணும், ஸ்க்ரீனத் தொடணும். அப்பதான் அடுத்த பேர் வரும்."

அவள் ஸ்க்ரீனைப் பார்த்தாள். முதல் பேரே தப்பு. கத்தரிக்கோலில் ஆரம்பிக்க வேண்டிய தட்டு, வயிற்றுச் சதையை விலக்குகிற பெரிய கொக்கியில் ஆரம்பித்தது. அதாவது இருபத்திரண்டாவது வரி.

"வரிசை மாறியிருக்கு சார்."

"வரிசை முக்கியமில்லக்கா. எண்ணிக்கை சரியா இருந்தா போதும்."

"எனக்கு முக்கியம்."

"அப்புறம் இன்னொண்ணு," என்றான் அவன், கொஞ்சம் தயங்கி. "முணுமுணுக்காதீங்க. பேர் சொல்றது காதுல விழணும். கேமராவுல பதிவாகுது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கொக்கி, கொக்கி, குழாய், கவ்வி என்று கத்தினாள். ஏலக் கடையில் நிற்கிறவள் போல எட்டு மணி நேரம் கத்தினாள். வாய் ஒரு பேரைச் சொல்லும்போது அந்த வாயால் இன்னொன்றைச் சொல்ல முடியுமா? முடியாது. முதல் நாள் பிரார்த்தனை இல்லாமலே போயிற்று. சரி, வீட்டுக்குப் போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் ஏறினாள்.

பஸ்ஸில் ஐந்தாவது வரி வரைக்கும் வந்தது. ஆறாவது வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்து. மறுபடி. ஐந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். ஆறாவது வரிக்கு நீளமான இடுக்கி, அது நன்றாகத் தெரிந்தது. அதன் எடை தெரிந்தது, பல் இரண்டும் சேரும்போது வருகிற சத்தம் தெரிந்தது. வரி மட்டும் இல்லை. விரல்கள் மடியில் ஒன்றையொன்று தடவிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பத்தொன்பது வருஷத்தில் கையில் இரும்பு இல்லாமல் அவள் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பிரார்த்தனை நாக்கில் இல்லை, நெஞ்சிலும் இல்லை. விரலில் இருந்தது. விரலுக்கு இப்போது வேலை வேறு வரிசையில்.

கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மா இல்லை. எழுதி வைத்த தாளும் இல்லை. இவள் மறந்தால் உலகத்தில் அது இல்லை.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். எதையும் ஒரு திருப்பில் சரி செய்துவிடலாம் என்கிற நம்பிக்கை உள்ளவன்.

"இதுக்கா இவ்வளவு? மனசுக்குள்ள சொல்லேன்."

"மனசுக்குள்ள இருந்தா நான் ஏங்க உங்ககிட்ட வந்து நிக்கப்போறேன்?"

"அப்போ புதுசா ஒண்ணு சொல்லு. கடவுளுக்கு என்ன, இந்த வரிதான் வேணும்னு இருக்கா?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் சட்டென்று எழுந்து குளிக்கப் போனான். இருபத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போனதும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்தாள். கத்தரிக்கோல், நகவெட்டி, பாட்டில் திறப்பான், நாலு வகைக் கரண்டி, சூடான பாத்திரம் தூக்குகிற இடுக்கி, கணவனின் பெட்டியிலிருந்து இரண்டு குறடு. தட்டில் இருக்கிற வரிசைப்படி அடுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள்.

முன்னறையில் கணவனின் அக்கா படுத்திருந்தாள். படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டு, தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்னும் மூன்று வாரம் இருப்பாள். அவளுக்குத் துணை டிவி. காலையில் அவள் கண் திறக்கும்போது அதுவும் திறக்கும்.

"என்னம்மா, கடை போடப் போறியா?" என்று படுக்கையிலிருந்தே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

ஏழு. எட்டு. குறடு ஒன்பதாவதற்குக் கொஞ்சம் பொருந்திற்று. டிவியில் யாரோ சிரித்தார்கள். பத்து. பதினொன்று.

"பிரார்த்தனையாம்ல? தம்பி சொன்னான்," என்றாள் அண்ணி. "பிரார்த்தனைக்கு மனசு போதும்மா. கரண்டி எதுக்கு?"

பன்னிரண்டாவது வந்த வழியே போய்விட்டது. அவள் கையில் இருந்த குறட்டை மேஜையில் ஓங்கிப் போட்டாள்.

"உங்களுக்கு மனசு இருக்கும் அண்ணி. ஏன் இருக்காது? நாள் பூரா படுத்துக்கிட்டு டிவி பாத்தா எனக்கும் மனசு இருக்கும்! கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போக ஒருத்தி, தலை சீவ ஒருத்தி, மருந்து குடுக்க ஒருத்தி. எல்லா ஒருத்தியும் நான்தான். எனக்குன்னு அரை மணி நேரம் இருந்துச்சு. அதுவும் போச்சு!"

அண்ணி ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தாள். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் உட்கார்ந்து அவளால் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு ஷிப்டுக்கு முன்னால் எல்லோரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மாற்றம் வந்ததால் ஊழியர்களுக்கு மன உளைச்சல் வரக் கூடாதாம். அதற்கு ஒரு வகுப்பு. சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள்: சூரியன், மலை, கீழே 'மாற்றத்தை வரவேற்போம்'. மைக் வைத்துக்கொண்டு ஒருவர் பேசினார். வெளியே என்ன நடந்தாலும் உள்ளே அசையக் கூடாது என்றார். வேர் இருக்கிற மரம் காற்றுக்குப் பயப்படுமா என்று கேட்டார். மரத்தைப் பிடுங்கி மூன்றாவது மாடியில் நட்டுவிட்டு இந்தக் கேள்வி.

அவள் கையைத் தூக்கினாள். "பாதிப் பிரார்த்தனை மறந்துபோச்சுங்க. என்ன பண்ணட்டும்?"

"கண்ண மூடி ஆழமா மூச்சு விடுங்கம்மா."

விட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மரியாதைக்கு ஒரு தடவை விட்டாள். வந்தது மூச்சுதான், வரி இல்லை.

வியாழக்கிழமை காலை கரண்டிகளோடு உட்கார்ந்தபோது பத்தாவது வரியும் வரவில்லை. ஒன்பதோடு நின்றது. இப்படியே போனால் இன்னும் ஒரு வாரத்தில் முதல் வரியும் போய்விடும் என்று கணக்குப் போட்டாள். அப்புறம் அவள் யார்? வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினவள். அடித்தளம் போகட்டும், ஷிப்டு போகட்டும், அம்மாவைக் கொடுக்க முடியாது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எவன் என்ன செய்துவிடுவான் பார்க்கலாம் என்று ஸ்க்ரீனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். வயிற்று ஆபரேஷன் தட்டை முன்னால் இழுத்துப் போட்டாள். பழைய வரிசைப்படி கருவிகளைப் பரப்பினாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

வந்தது.

அடைத்த குழாய் திறந்துகொண்டது. ஒன்று, இரண்டு, ஐந்து. நீளமான இடுக்கியைத் தொட்டதும் ஆறாவது வரி தானாகவே வாயில் வந்து விழுந்தது. அவளுக்குக் கண் கரித்தது. பத்து, பதினைந்து, இருபது. உதடு ஓடியது, கை ஓடியது. அம்மா பக்கத்தில் நுரைக் கையோடு நின்றாள்.

"அக்கா! ஸ்க்ரீன் ஏன் திரும்பியிருக்கு?"

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். பேசாதே என்று அர்த்தம். அவன் அருகே வந்தான். அப்போது அவள் இருபத்தாறில் இருந்தாள்.

"எத்தன தடவக்கா சொல்றது? நீங்க இத பழைய ரூம்னு நெனச்சுக்கிட்டு..." என்று அவன் தட்டின் விளிம்பைப் பிடித்தான்.

"கைய எடு!"

கண்ணாடிக்கு வெளியே போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"கைய எடுன்னு சொன்னேன்! பத்தொம்பது வருஷம். பத்தொம்பது வருஷத்துல ஒரு ஊசி குறைஞ்சிருக்கா? கேட்டுப் பாரு. மேல போயி கேட்டுப் பாரு. பெட்டி தூக்கிட்டு இருந்தவன், நீ எனக்கு எண்ண கத்துக் குடுக்குறியா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. கையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவள் மூச்சு வாங்கியபடி இருபத்தாறாவது வரியை மறுபடி சொன்னாள், எங்கே விட்டோம் என்று தேடாமலே. கை அடுத்த கருவிக்குப் போயிற்று. முப்பத்தெட்டாவது வரி முடிந்தது. வரி முடிந்தால் தட்டு முடிந்தது. ஸ்க்ரீனைத் திருப்பி, வந்த பேரையெல்லாம் தடதடவென்று முப்பத்தெட்டு தடவை தொட்டுத் தள்ளினாள். தட்டைச் சுற்றி அனுப்பிவிட்டாள். மனசு குளிர்ந்திருந்தது.

மறுநாள் மதியம் தியேட்டர் நர்ஸ் போன் செய்தாள். பதினைந்து வருஷப் பழக்கம். "அக்கா, வயித்து செட்ல முனை வளைஞ்ச கிளாம்ப் இல்ல. முப்பத்தேழுதான் இருக்கு."

"என் செட்ல குறையாது. அங்க நல்லா பாரு."

"மூணு தடவ எண்ணிட்டேன். பேஷண்ட்டுக்கு மயக்க மருந்து குடுத்தாச்சு. வேற செட் இருக்கா?"

வேறு செட் ஆவி இயந்திரத்துக்குள் இருந்தது. அது வெளியே வர இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷமும் மேலே ஒரு மனிதர் ஒன்றும் தெரியாமல் படுத்துக் கிடந்தார். அவரைச் சுற்றி எட்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இவள் இயந்திரத்தின் கதவுப் பக்கத்திலேயே நின்றாள். என் செட்டில் குறையாது, குறையாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நான் கடைசி வரி சொன்னேனே. முடித்தேனே.

மேஜையின் மேல் மடித்து வைத்திருந்த துணிகளுக்கு அடியிலிருந்து அந்தக் கிளாம்பை எடுத்தவன் பார்கோடுதான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வருஷமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேஜையில் மெதுவாக வைத்தான். அவள் அவனை அறைந்துவிடலாமா என்று நினைத்தாள். அந்த மௌனத்தைவிட நாலு வசவு எவ்வளவோ தேவலை.

இருபத்தாறு. அவனிடம் கத்தியபோது கையிலிருந்து நழுவியிருக்க வேண்டும். வரியை இரண்டு தடவை சொல்லிவிட்டு, கருவியை ஒரு தடவைகூடத் தட்டில் வைக்கவில்லை. பிரார்த்தனை முடிந்ததே தவிர தட்டு முடியவில்லை. சாயங்காலம் நர்ஸ் கீழே இறங்கி வந்து ரகசியமாகச் சொன்னாள்: "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. கிளாம்ப் எங்க பக்கம் எங்கயோ விழுந்துடுச்சுன்னு எழுதிடறேன்க்கா. நீங்க வாயத் தொறக்காதீங்க."

"வேணாம். நான்தான் விட்டேன்," என்றாள் அவள். அதையும் கோபமாகத்தான் சொன்னாள்.

அவளைக் கூண்டுக்கு வெளியே, கழுவுகிற பக்கம் மாற்றினார்கள். அங்கே எந்தக் கருவி எப்போது வரும் என்று கிடையாது; குவியலாக வரும், குவியலாகப் போகும். முழங்கை வரை ரப்பர் கையுறை. விரலுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் தேய்த்தாள். பிரார்த்தனை நாலு வரியாகிவிட்டது.

மூன்றாம் நாள் பார்கோடு அவளைக் கண்ணாடிக் கூண்டுக்குக் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"கிளாம்ப் காணாமப்போன ரிப்போர்ட்டுல ஒரு எடம் பாக்கி இருக்குக்கா. நீங்க எந்த முறையில அடுக்குவீங்கன்னு வரிசையா எழுதணும். நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன். முடிச்சதும் படிச்சுக் காட்டணும், அது ரூல்."

"என் முறையா?"

"ஆமா."

"சும்மா வராது. ஒரு செட் குடுங்க."

அவன் எழுந்து போய், கழுவிக் காய்ந்த முப்பத்தெட்டையும் அவள் முன்னால் கொட்டினான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முறை வேண்டுமாம். வாங்கிக்கொள்ளட்டும். மேலிடத்தில் படித்துப் பார்த்துச் சிரிக்கட்டும், வேலையைவிட்டுத் தூக்கட்டும்.

"கத்தரிக்கோல்," என்றாள். "கண்ணத் தொறந்து விட்டதுக்கு நன்றி. டைப் பண்ணுங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு டைப் செய்தான்.

"சின்ன கத்தரி. காலு ரெண்டும் இன்னைக்கும் தரையில நிக்குது, அதுக்கும் நன்றி. அடுத்தது. கேக்காம குடுத்ததுக்குக் கும்பிடு, கேட்டும் குடுக்காததுக்கு அப்புறமா பேசிக்கலாம்."

அவன் விரல் ஒரு நொடி நின்றது. சிரிப்பை அடக்கினானோ என்னவோ. அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தாள், ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஒவ்வொன்றாக வைத்தாள். அவன் டைப் செய்து முடிக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்ததால் முன்னைப்போல ஓட முடியவில்லை. முப்பத்தெட்டும் வந்தது. கடைசி ஊசிப்பிடியை வைத்துவிட்டு அவள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். இப்போது அது ஒரு இடத்தில் எழுத்தாக இருந்தது. இனி எவனாலும் பிடுங்க முடியாது.

"படிக்கிறேன்க்கா," என்றான். படித்தான், பஸ் நிற்கிற ஊர்களைச் சொல்லுகிற கண்டக்டர் குரலில். அவள் கேட்டாள். வேறொரு வாய் சொல்லி அவள் அதைக் கேட்பது அம்மா போன பிறகு இதுதான் முதல் தடவை. பாதி வரிகள் அவளுக்குப் புதிதாக இருந்தன. இப்படியா சொல்லிக்கொண்டிருந்தோம்?

முப்பத்தொன்றில் அவன் நின்றான். "'நான் வயிறெரிஞ்சு பேசின மூலைக்கடைக்காரர் வயிறு குளிரணும்.' இது யாருக்கா, மூலைக்கடைக்காரர்?"

"எங்க தெருவுல கடை வெச்சிருந்தாரு. நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப. எடையில ஏமாத்திட்டாருன்னு அம்மா அவரோட பெரிய சண்ட போட்டா."

"இப்ப எங்க இருக்காரு?"

"செத்தே இருபது வருஷம் இருக்கும்."

"அப்ப எதுக்குக்கா தினமும் அவருக்கு?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான். பாத்திரத் தொட்டியடியில் நிற்கிற அம்மா அவள் ஞாபகத்துக்கு வந்தாள். ஒரு நாள் அம்மா அந்த வரியில் வாத்தியாரம்மா என்றாள். ஒரு நாள் உன் அப்பன் என்றாள். இன்னொரு நாள், கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு இவள் முதுகில் இரண்டு வாங்கிய மறுநாள், நான் வயிறெரிஞ்சு பேசின என் பொண்ணு வயிறு குளிரணும் என்றாள். இவள்தான் அம்மாவைத் திருத்தினாள். அம்மா, தப்பு, மூலைக்கடைக்காரர்னு சொல்லணும். அம்மா நுரைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இவள் கேட்கவே இல்லை.

பத்தொன்பது வருஷம். செத்துப்போன ஒரு கடைக்காரன் வயிற்றை நாள் தவறாமல் குளிர வைத்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறவர்கள் வரிசையில் நின்றார்கள், ஒருவர் வயிறும் குளிரவில்லை. தன்னை நினைத்தே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது?

"அத அழி," என்றாள்.

"முழு வரியுமா?"

"மூலைக்கடைக்காரர மட்டும்."

அழித்தான். வரியின் நடுவில் அந்தச் சின்னக் கோடு மினுக்கு மினுக்கென்று காத்துக்கொண்டிருந்தது.

"இங்க என்ன போடணும்கா?"

அவள் அவனைப் பார்த்தாள். கைய எடு என்று இவள் கத்தியபோது சுருங்கிய முகம் அது. இன்னும் முழுதாக விரியவில்லை. இந்தக் கண்ணாடிக் கூண்டும் அந்த ஸ்க்ரீனும் அவளுக்கு இப்போதும் பிடிக்கவில்லை. அவனையும் பிடிக்கவில்லை.

"உன் பேரப் போடு."

"என் பேரா? நான் என்னக்கா பண்ணேன்?"

"என்ன பண்ணேன்னு கேக்காத. கேட்டா மறுபடி எரியும். போடு."

போட்டான். அவள் முப்பத்தொன்றாவது கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வரியை அவன் பேரோடு முழுசாகச் சொன்னாள். எப்போதும் மற்றெல்லா வரியையும்விட வேகமாக ஓடிவிடுகிற வரி. இப்போது ஒவ்வொரு சொல்லையும் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. அவன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சொல்லி முடித்தும் அவள் கோபம் போகவில்லை, பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"சேவ் பண்ணிடவாக்கா?" என்றான்.

"பேர சேவ் பண்ணாத," என்றாள் அவள். "நாளைக்கு அங்க எங்க அண்ணி வரணும்."